முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5: பிரித்துக் கட்டி, டர்போ பொருத்தி, பல ஆண்டுகள் ஓட்டியபின்

1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்-5, ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடையும் 1,597 சிசி என்ஜினும் கொண்ட இரண்டு இருக்கைக் கார். அந்த முதல் தலைமுறைக் கார் ஒன்றை முழுவதுமாகப் பிரித்து, மீண்டும் கட்டி, பின்னர் கழிவுப்புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவும் பொருத்தி, சாலையிலும் பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்குப் பந்தயத் தடம் திறந்துவிடப்படும் நாட்களிலும் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். எந்தப் புதுப் பாகமும் முதல் மாதத்தில் நன்றாகத்தான் தோன்றும். ஆகவே, ஒவ்வொரு மாற்றமும் பிற்பாடு என்ன பராமரிப்பைக் கேட்டது, சுமையை எந்தப் பாகத்தின்மீது தள்ளியது என்பதையே இங்கு அளவுகோலாகக் கொள்கிறேன்.

இந்தக் காரை வாங்க நினைப்பவர் என்ஜின் மூடியைத் திறக்கும் முன் கீழே குனிந்து பார்க்க வேண்டும். மடக்குக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகள் வழியே இறங்குகிறது. அவற்றைத் தூசியும் சருகும் அடைத்துக்கொண்டால், நீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்து, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னுள்ள மூலையை உள்ளிருந்தே அரித்துவிடும். பெயின்ட் கொப்புளிப்பது வெளியே தெரியும்போது உள்தகடு பெரும்பாலும் போயிருக்கும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால், ஒரு சிறு காந்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். என் காரில் அந்த மூலையை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்து, உட்புறம் மெழுகுக் கலவை தெளித்தேன். அதன் பிறகு அந்த இடம் கேட்டதெல்லாம் வடிகாலை அவ்வப்போது தூர்வாருவது ஒன்றைத்தான்.

கொடுத்த உழைப்புக்கு மிக அதிகமாகத் திருப்பிக் கொடுத்த வேலை எது என்று கேட்டால், சஸ்பென்ஷன் மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்களான புஷ்களை மாற்றியதையே தயங்காமல் சொல்வேன். நான்கு சக்கரங்களிலும் மேலும் கீழுமாக இரு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு என்பதால் புஷ்களின் எண்ணிக்கை அதிகம். ரப்பர் மூப்படையும்போது ஸ்டியரிங்கின் துல்லியம் மங்குகிறது, அதுவும் ஓட்டுபவருக்கே தெரியாத அளவுக்கு மெல்ல மெல்ல. வேலை கடினமானது. வீல் அலைன்மென்ட்டைச் சரிசெய்யும் கேம் போல்ட்டுகள் புஷ்ஷின் இரும்பு உறைக்குள் துருவேறி இறுகியிருக்கும். சூடேற்றியும் எண்ணெய் விட்டும் அசையாதவற்றை அறுத்துத்தான் எடுக்க முடியும் என்பதால், புதிய போல்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது. ரப்பர் புஷ்களின் இறுதி இறுக்கத்தைக் கார் சக்கரங்களில் நிற்கும் உயரத்தில்தான் கொடுக்க வேண்டும். ரப்பர் உள்ளுறையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முடுக்கினால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

பாலியூரித்தேன் புஷ்களையும் சில காலம் பயன்படுத்தினேன். திருப்பங்களில் அவை தரும் கூர்மை உண்மையானது. ஆனால் அவை உறையின்மேல் வழுக்கிச் சுழல்பவை; கிரீஸ் வற்றியதும் கிறீச்சிடத் தொடங்கும், மறுபடி கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும். பந்தயத்துக்கு மட்டும் பயன்படும் காருக்கு அவை சரி. சாலையிலும் ஓடும் காருக்குச் சற்றுக் கடினமான ரப்பரே போதும் என்பது என் தீர்ப்பு. காரைத் தாழ்த்துவதிலும் இதே நிதானம் வேண்டும். இதன் சஸ்பென்ஷன் மேலெழும்ப இடம் குறைவு என்பதால், தோற்றத்துக்காக அதிகம் இறக்கிய கார் ஸ்பிரிங்கில் ஓடாமல், சஸ்பென்ஷன் எல்லை தாண்டாமல் தடுக்கும் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் ஓடும்.

என்ஜினைக் கட்டுவது பொறுமையைச் சோதித்தாலும் மர்மமானதல்ல. பி6 என்ற இந்த 1.6 லிட்டர் என்ஜின் வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் கொண்டது. வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதாத அமைப்பு என்பது பழைய கார் வாங்குபவருக்குப் பெரிய நிம்மதி. தொடக்க ஆண்டுகளின் என்ஜின்களில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டின் மூக்கு, அதாவது புல்லி பொருந்தும் முன்முனை, குட்டையானது. பெல்ட் மாற்றும்போது போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் பூட்டாவிட்டால், புல்லி தனியே சுழலாமல் பிடிக்கும் ஆப்பான கீயும் அதன் பள்ளமும் தேய்ந்து, புல்லி ஆடத் தொடங்கி, கடைசியில் டைமிங்கே நகர்ந்துவிடும். முன்புல்லியில் நான்கு துளைகள் தெரிந்தால் அது குட்டை மூக்கு, எட்டுத் தெரிந்தால் பின்னர் திருத்தப்பட்ட நீண்ட மூக்கு என்று அடையாளம் காணலாம். டர்போ பொருத்தும் எண்ணமிருப்பவர் நீண்ட மூக்கு என்ஜினையே தேடிப் பிடிக்க வேண்டும்.

பிளாக்கை லேத் பட்டறையில் கொடுத்து, சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் செய்து வாங்கிய பிறகு, மற்ற அளவுகளை வீட்டிலேயே எடுக்க முடிந்தது. பேரிங் இடைவெளியை நசுங்கும் பிளாஸ்டிக் இழையைக் கொண்டு அளக்கலாம். பிஸ்டன் ரிங்கின் முனைகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளிக்குச் சாதாரண என்ஜினில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.004 அங்குலம், 78 மி.மீ. விட்டத்துக்கு அது சுமார் 0.31 மி.மீ. வரும். டர்போ என்ஜினில் ரிங் அதிகம் சூடேறி நீளும் என்பதால் இடைவெளியைச் சற்றுக் கூட்டி அரம் போட வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் சிலிண்டர் சுவர் கீறுபடும் அல்லது பிஸ்டனின் ரிங் தாங்கும் விளிம்பு உடையும். இதில் அவசரப்படுபவர் என்ஜினை இரண்டாம் முறை கட்டுவார்.

டர்போவுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை குளிரூட்டல். இந்த என்ஜின் குடும்பம் முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காக அமர்வதற்கென வடிவமைக்கப்பட்டது. எம்.எக்ஸ்-5இல் நீளவாக்கில் வைத்தபோது, வெப்பத்துக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் முன்பக்கம் வந்ததால், தண்ணீர் நுழைவதும் வெளியேறுவதும் ஒரே முனையில் நிகழ்கின்றன. பின் சிலிண்டர்களுக்கு ஹீட்டர் குழாய் வழியாகச் செல்லும் ஓட்டமே முக்கிய ஆதரவு. சாலைக்கு இது போதும். தடத்தில் தொடர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது நான்காம் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாகிறது. தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்முனைக்கு மாற்றும் குழாய் அமைப்பையும் தடித்த அலுமினிய ரேடியேட்டரையும் போட்டபின், கோடை வெயிலிலும் வெப்பமானியின் முள் அசைவதில்லை. செய்த மாற்றங்களில் மறுபடி கைவைக்கத் தேவைப்படாதது இது ஒன்றே.

டர்போவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, புகழ்ச்சியும் எச்சரிக்கையுமாக. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 116 குதிரைத்திறன் தந்த என்ஜின், சிறிய டர்போவும், அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்து அரை பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் சுமார் பாதி, கூடுதல் அழுத்தத்திலேயே வேறொரு காராக மாறிவிடுகிறது. ஆரம்பகாலக் கார்களின் காற்றளவி கதவுபோல் திறந்து மூடும் வகை. அதை அகற்றிவிட்டு, அழுத்த சென்சாரை வைத்துக் கணக்கிடும் என்ஜின் கணினியான தனி ஈசியு பொருத்த வேண்டியிருந்தது. பெட்ரோலுக்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 14.7, டர்போ முழு அழுத்தத்தில் ஊதும்போது அதை எரிபொருள் மிகும்படி 11.5க்கும் 12க்கும் இடையே வைத்து, பற்றவைப்பையும் பின்தள்ளினால்தான், கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் வராது. அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் இந்த ட்யூனிங்கில் இறங்கவே கூடாது. 200 குதிரைத்திறனை ஒட்டிய எல்லையில், பிஸ்டன்களைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் ஆதி கனெக்டிங் ராடுகள் ஆபத்துக்கு உள்ளாகின்றன. அவற்றை வளைப்பது பெரும்பாலும் குறைந்த ஆர்.பி.எம்.மில் திடீரென எழும் முறுக்குவிசையான டார்க்தான். ஆகவே அழுத்தம் மெல்ல ஏறும்படி அமைத்திருக்கிறேன்.

நீண்ட காலப் பயன்பாட்டில் டர்போ கேட்ட விலை வெப்பம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டர்போவைப் பிடிக்கும் நட்டுகள், சூடாகிக் குளிரும் சுழற்சியில் தாமாகவே தளரும். அந்த நட்டுகள் ஏறும் சாதாரண ஸ்டட்டுகள் நீண்டு, இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் வழியே புகை கசியத் தொடங்கும். வெப்பம் தாங்கும் நிக்கல் உலோகக்கலவையான இன்கோனல் ஸ்டட்டுகளுக்கும் பூட்டும் நட்டுகளுக்கும் மாறியபின்தான் அந்தத் தொல்லை அடங்கியது. டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் அகலமாகவும், எங்கும் மேலேறாமல், என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை நோக்கிச் சரிந்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தேங்கிச் சீல் வழியே கசிந்து நீலப்புகையாக வெளிவரும்.

அடுத்த சுமை பின்பக்கம் போனது. 1.6 லிட்டர் காரில் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியல், பிற்காலத்து 1.8 லிட்டர் காருக்குரியதைவிடச் சிறியது. டர்போவின் டார்க்கை அது அதிகக் காலம் தாங்காது என்பது இந்தக் கார் வைத்திருப்போர் நன்கறிந்த செய்தி. 1994ஆம் ஆண்டு மாடலிலிருந்து வந்த, ஒரு சக்கரம் வழுக்கும்போது மற்றதற்கு விசையைத் தள்ளும் டார்சன் டிஃபரன்ஷியலை, அதற்குரிய அச்சுத் தண்டுகளோடும் புரொப்பல்லர் ஷாஃப்டோடும் சேர்த்து மாற்றினேன். வளைவை விட்டு வெளியேறும்போது உள்சக்கரம் வீணாகச் சுழல்வது நின்றது. டர்போவைவிட இந்த மாற்றமே எனக்கு அதிக இன்பம் தருகிறது என்றால் சிலர் சிரிக்கக்கூடும்.

பிரேக்கில் 235 மி.மீ. முன் டிஸ்க்குகளுக்குப் பதில் 1.8 காரின் 255 மி.மீ. டிஸ்க்குகள், வெப்பம் தாங்கும் பேட், ஆண்டுதோறும் புது பிரேக் ஆயில், இவை போதும். பெரிய எக்ஸாஸ்ட் சத்தத்தைத்தான் கூட்டியது, நெடும்பயணத்தில் தலைவலியையும். அதைக் கழற்றிவிட்டேன்.

இப்போது கவனிப்பில் இருப்பது கியர்பாக்ஸ். கியர் லீவரின் அடியிலுள்ள கிழிந்த ரப்பர் உறையை மாற்றி, அந்தக் கிண்ணத்தில் புது எண்ணெய் விட்டதும் கியர் விழுவது மிக இனிமையாகிவிட்டது. ஆனால் குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியரில் வேகத்தை ஒத்திசைக்கும் வளையமான சிங்க்ரோ உரசுவது தொடர்கிறது. கியர்பாக்ஸை இறக்க, அதையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதன் உயரம் பிசகினால் கார் முழுதும் அதிர்வு பரவும். கிளட்ச் தேயும்போது அதையும் சிங்க்ரோவையும் ஒருசேரச் செய்வதாக இருக்கிறேன். அதுவரை டர்போ அழுத்தம் அரை பாரிலேயே இருக்கும்.