நேவார் ஊர்களில் ஒருநாள் சுற்றுலா: வழிகாட்டி அருமை, நேரப் பங்கீடு மோசம்

காத்மாண்டுவுக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் பசுபதிநாதரையும் முக்திநாத்தையும் தரிசித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களின் ஊர்கள் நகருக்கு மிக அருகிலேயே இருந்தும் யாத்திரை நிரலில் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. காத்மாண்டுவின் தமேல் பகுதியில் உள்ள சிறு பயண நிறுவனங்கள் பல இந்த ஊர்களுக்கு ஒருநாள் சுற்றுலா நடத்துகின்றன. அவற்றுள் ஒன்றில் குடும்பத்துடன் சென்றுவந்தோம். கீர்த்திபூர், சோபார், புங்கமதி, கோக்கனா ஆகியவை பார்க்கும் இடங்கள். வண்டி, வழிகாட்டி, மதிய உணவு ஆகிய மூன்றும் கட்டணத்தில் அடங்கும்.

முதலில் வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் காத்மாண்டுவை அடுத்துள்ள லலித்பூர் நகரைச் சேர்ந்த நேவார். ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் ஒப்பிப்பதைவிட, ஒவ்வொரு கோயிலிலும் விளக்குக்கு எண்ணெய் யார் தருகிறார்கள், திருவிழாச் செலவு எங்கிருந்து வருகிறது, கூரை பழுதானால் யார் பொறுப்பு என்பதை விளக்குவதிலேயே அவருக்கு ஆர்வம் அதிகம். இவை அனைத்துக்கும் விடை 'குத்தி' என்னும் அமைப்பில் இருக்கிறது. குலம் அல்லது சமூகம் சேர்ந்து நிலத்தை அறக்கட்டளையாக ஒதுக்கி, அதன் விளைச்சலைக் கொண்டு பூசை, தேரோட்டம், ஈமச்சடங்கு போன்றவற்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் முறை அது. 2019இல் குத்திகளை ஒரே அதிகார அமைப்பின்கீழ் கொண்டுவர அரசு முன்வைத்த மசோதாவை எதிர்த்துக் காத்மாண்டு வீதிகளில் மக்கள் பெருந்திரளாகத் திரண்டதையும், அரசு அதனைத் திரும்பப் பெற்றதையும் அவர் நடந்துகொண்டே சொன்னார். அதைக் கேட்ட பிறகு கோயில்களைப் பழஞ்சின்னங்களாக மட்டும் பார்க்க இயலவில்லை.

கீர்த்திபூர் மேட்டின் மீது அமைந்த ஊர். நேபாளத்தை ஒரே நாடாக இணைத்த கோர்க்கா மன்னர் பிருதிவி நாராயண் ஷாவின் படையை இவ்வூர் இருமுறை விரட்டியடித்தது. 1757இல் நடந்த முதற்போரில் அவருடைய படைத்தலைவர் காலு பாண்டே மாண்டார். இறுதியில் ஊர் வீழ்ந்தபோது வென்றவர்கள் ஊராரின் மூக்கையும் உதட்டையும் அறுத்தனர் என்பது வரலாறு. தோற்ற ஊரின் பாக் பைரவர் கோயிலில், கோர்க்காப் படையிடம் கைப்பற்றியவை என்று சொல்லப்படும் வாள்களும் கேடயங்களும் மேற்சுவரில் இன்றும் வரிசையாக அறையப்பட்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் புலி வடிவப் பைரவருக்கு நாக்கு கிடையாது. ஆட்டிடையச் சிறுவர்கள் களிமண்ணில் புலி செய்து, நாக்குக்கு இலை தேடிப் போன நேரத்தில் அது உயிர்பெற்று ஆடுகளைத் தின்றுவிட்டதாம். எங்கள் பிள்ளைகளுக்கு அன்றைய நாளில் மிகவும் பிடித்தது இந்தக் கதைதான். உச்சியில் உள்ள உமாமகேசுவரர் கோயிலுக்குப் படியேற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம்.

சோபாரில் நிறுவனம் ஒதுக்கிய நேரம் குறைவு என்றாலும் ஆதிநாதர் கோயில் ஏமாற்றவில்லை. மூன்றடுக்குக் கூரையின்கீழ் செம்பு, கிண்ணம், தட்டு, கரண்டி, முகம் பார்க்கும் கண்ணாடி என்று வீட்டுப் பொருள்கள் நூற்றுக்கணக்கில் பலகைகளில் அறையப்பட்டுள்ளன. இறந்தவர்களின் நினைவாகக் குடும்பத்தார் செலுத்தியவை. ஒரு பித்தளைச் செம்பின் கழுத்தைச் சுற்றி, நம் வீட்டுச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவதைப் போலவே, உளியால் புள்ளி புள்ளியாக எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. கீழே பாக்மதி ஆறு பாறையைப் பிளந்து வெளியேறும் பள்ளத்தை வண்டியிலிருந்தபடியே காட்டினார்கள். ஏரியாகக் கிடந்த பள்ளத்தாக்கை மஞ்சுஸ்ரீ என்னும் போதிசத்துவர் தம் வாளால் வெட்டி வடியச் செய்தார் என்னும் தொன்மம் இவ்விடத்துக்கு உரியது. வண்டியை நிறுத்தி ஜல விநாயகர் கோயில்வரை இறங்கிப் பார்த்திருக்கலாம்.

புங்கமதி இந்தச் சுற்றுலாவின் மையம். மழைக்குரிய தெய்வமான ராதோ மச்சேந்திரநாதர் ஆண்டில் ஏறக்குறைய பாதியை இவ்வூரிலும் மறுபாதியை லலித்பூரிலும் கழிக்கிறார். கோரக்கநாதர் மழை தரும் நாகங்களின்மேல் அமர்ந்து தவம் செய்ததால் மழை பொய்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பஞ்சம் வந்ததாகவும், அவருடைய குருவான மச்சேந்திரரை அழைத்துவந்தால் கோரக்கர் எழுந்து வணங்குவார் என்று கருதி, நரேந்திரதேவ மன்னரும் பந்துதத்தர் என்னும் ஆசாரியரும் ஓர் உழவரும் இன்றைய அசாமில் உள்ள காமரூபம்வரை சென்று அவரைக் கொண்டுவந்ததாகவும் கதை. நம் சித்தர் மரபில் மச்சமுனி, கோரக்கர் என்று அறியப்படுபவர்களை இந்தக் குருசீடருடன் ஒப்பிட்டுப் பேசுவது உண்டு; திருப்பரங்குன்றத்தில் மச்சமுனியின் சமாதி இருப்பதாகச் சொல்வார்கள் என்றதும் வழிகாட்டி குறிப்பேட்டை எடுத்து ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டார். பௌத்தர்களுக்கு இதே தெய்வம் கருணாமயர், அதாவது அவலோகிதேசுவரர்.

கற்கோபுரமாக நின்ற பழைய கோயில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அடியோடு சரிந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர் புங்கமதியிலிருந்தே புறப்படும். அந்தப் பெருந்தேரோட்டம் நடக்க வேண்டிய ஆண்டிலேயே இந்த இடி விழுந்தது. மறுகட்டுமானத்துக்கு இலங்கை அரசு நிதியுதவி அளித்தது என்பது நம் வாசகர்கள் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம். இந்த வளாகத்தில் நின்று பார்ப்பதற்கு எங்களுக்குக் கிடைத்த நேரத்தைவிட, அடுத்து அழைத்துச் செல்லப்பட்ட மரச்சிற்பக் கடையில் கழிந்த நேரம் அதிகம். கடை என்று அழுத்தியே சொல்கிறேன். புங்கமதி மரச்சிற்பத்துக்குப் பெயர்போன ஊர். தெருவோரப் பட்டறைகளில் தச்சர்கள் தரையில் அமர்ந்து, மரத்துண்டைப் பாதங்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிறு சுத்தியலால் உளியைத் தட்டித் தட்டி இழைப்பதைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். எங்களையோ விலைச்சீட்டு ஒட்டிய புத்தர் தலைகள் அடுக்கிய அறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தனர். வாங்குமாறு யாரும் வற்புறுத்தவில்லை, ஆனால் எழுந்து வரவும் விடவில்லை. நிரலில் இந்த நிறுத்தம் 'கைவினை அறிமுகம்' என்று குறிப்பிடப்பட்டிருந்தது.

மதிய உணவு தாமதமாகத்தான் வந்தது. வந்தது நன்றாகவே இருந்தது. சமய் பஜி என்னும் நேவார் தட்டில் அவல், வறுத்த கறுப்புச் சோயா, இஞ்சி, அவித்த முட்டை, கீரை, உருளைக்கிழங்கு, உளுந்தை அரைத்துத் தட்டையாகச் சுட்ட பாரா ஆகியவை இருந்தன. இதில் வழக்கமாகச் சேரும் சோய்லா எருமை இறைச்சி; சைவம் உண்பவர்கள் பதிவு செய்யும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடுகெண்ணெயின் காரநெடி பழகாத நாவுக்குச் சற்றுக் கடுமையாகத் தோன்றும். அரிசியில் வடித்த அய்லா என்னும் சாராயத்தை மேசைக்குக் கொண்டுவந்தனர். வேண்டாம் என்றதும் மறுபேச்சின்றி எடுத்துச் சென்றுவிட்டனர்.

அந்தக் கடுகெண்ணெய்க்குப் பெயர்பெற்ற கோக்கனாவைக் கடைசியில் வைத்ததுதான் என் பெரிய குறை. எண்ணெய்த் தொழிலையும் முன்னிட்டு 1996இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற ஊர் அது. வறுத்து அரைத்த கடுகைக் கனத்த மர உத்திரங்களுக்கு இடையே வைத்து நெருக்கிப் பிழிவது அவ்வூரின் பழைய முறை. மாடு பூட்டிச் சுற்றும் செக்கு அன்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆலையின் கதவு பூட்டியிருந்தது. எனவே பலகை இடுக்கு வழியாக இருட்டில் உத்திரங்களின் பருமனை மட்டும் பார்த்துவிட்டு, ருத்ராயணி கோயில் நிற்கும் அகன்ற தெருவில் சிறிது நேரம் நடந்தோம். நேபாளம் முழுவதும் தசைன் கொண்டாடும் நாள்களில் இவ்வூரார் தங்களுக்கென்று சிகாலி திருவிழாவை நடத்துகிறார்கள். காத்மாண்டுவைத் தெற்குச் சமவெளியான தராயுடன் இணைக்கும் விரைவுச்சாலைக்காகத் தங்கள் விளைநிலங்களை எடுப்பதை எதிர்த்து நீண்டகாலமாகப் போராடிவருபவர்களும் இவர்களே. இவற்றையெல்லாம் வழிகாட்டி ஓட்டமும் நடையுமாகச் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டுநர் வண்டியைத் திருப்பிவிட்டார்.

கொடுத்த பணத்துக்கு இந்தச் சுற்றுலா தகும். வழிகாட்டி நேவாராக இருந்தால் மட்டும். அதைப் பதிவின்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கோக்கனாவைக் காலையில் முதலாவதாக வைக்கவும், கைவினைக் கடையை நீக்கிவிட்டுத் தெருப்பட்டறைகளில் நடக்கவிடவும் சொல்லுங்கள். தனி வண்டி என்பதால் ஒப்புக்கொள்வார்கள். சனிக்கிழமை நேபாளத்தில் விடுமுறை நாள் என்பதால் கோயில்களில் கூட்டம் மிகும். மழைக்காலத்தில் தெற்குச் சாலைகள் சேறாகிவிடும். இந்திய ரூபாய் 100க்கு நேபாள ரூபாய் 160 என்பது நிலையான மாற்று வீதம். கட்டணத்தை எந்த ரூபாயில் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். புங்கமதியிலிருந்து புறப்படும் பன்னிரண்டாண்டுத் தேரோட்டம் அடுத்து 2027இல் வருகிறது. அதைப் பார்க்க விரும்புவோர் பயண நிறுவனத்தை நம்பி முன்கூட்டியே நாள் குறிக்காமல், தேர் புறப்படும் தேதி அறிவிக்கப்பட்ட பின் பயணச்சீட்டு எடுப்பது நல்லது.