எம்3-க்குப் போட்ட 'விண்டர் பேக்கேஜ்': எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயர், ரிம் வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. அடிப்பாகக் கோட்டிங்குக்கு ஒன்று, அதுவும் மெக்கானிக்கின் நேர்மைக்காக. மீதி இருப்பதில் பாதியை நீங்களே வீட்டு வாசலில் செய்துகொள்ளலாம், இன்னொரு பாதி தேவையே இல்லை.

வண்டி பிஎம்டபிள்யூ எம்3, இ92 என்ற தலைமுறையின் இரண்டு கதவு கூப்பே. வி8 எஞ்சின், பின்சக்கர ஓட்டம், தரைக்கு ரொம்பப் பக்கத்தில் இறங்கி நிற்கும் முன் பம்பர். இதுவரை பனியையே பார்க்காத வண்டி, இனிமேல் வருஷத்தில் பல மாதம் பனியிலும் உப்பிலும் ஓட வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் கார்களுக்கென்றே இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'முழு விண்டர் பேக்கேஜ்' என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். பெயர் வேண்டாம். கிட்டத்தட்ட இதே பட்டியலைத்தான் பல இடங்களில் விற்கிறார்கள், அதனால் பெயரைவிடப் பட்டியல்தான் முக்கியம்.

டயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிக் காசு அங்கேதான் போகிறது, போகவும் வேண்டும். வண்டியில் இருந்தது சம்மர் டயர். வெயில் காலத்தில் ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும் அதே ரப்பர், சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் விறைக்க ஆரம்பித்துவிடும், பிறகு பனியே இல்லாத காய்ந்த ரோட்டில்கூடப் பிடிப்பு இருக்காது. மைனஸ் 7-க்குக் கீழே இந்த ரகச் சம்மர் டயரை உருட்டவே கூடாது, ரப்பரில் விரிசல் விடலாம் என்று சில கார் கம்பெனிகள் மேனுவலிலேயே எச்சரிக்கிறார்கள். அதனால் 'பனி விழும் அன்றைக்கு வண்டியை எடுக்கமாட்டேன், சம்மர் டயரே போதும்' என்று சொல்பவர்களுக்கு ஒன்றுதான் பதில்: பிரச்சினை பனி இல்லை, குளிர்.

ஒர்க்‌ஷாப்காரர்களிடம் எனக்குப் பிடித்தது, எந்த பிராண்டு வேண்டும் என்று அவர்கள் ஆரம்பிக்கவில்லை. தினமும் ஓட்டப்போகும் ரோடு எப்படி, உடனே பனி வாரும் நெடுஞ்சாலையா, நாள்கணக்கில் இறுகிக் கண்ணாடியாகக் கிடக்கும் தெருவா என்று கேட்டார்கள். விண்டர் டயரில் இரண்டு ஜாதி இருக்கிறது, பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மிஷ்லின் பைலட் ஆல்பின், பிரெல்லி சோட்டோசீரோ போன்றவை வேகமான கார்களுக்கான விண்டர் டயர்கள், குளிர்ந்த, ஈரமான நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் போன்றவை பனிக்கட்டிக்கென்றே செய்தவை, ஆணி இல்லாமலே ஐஸில் நிற்கும், ஆனால் அந்த மெத்தென்ற ரப்பர் காய்ந்த ரோட்டில் வளைவுகளில் நெளியும், பிரேக் தூரமும் கூடும். என் ரோடு பெரும்பாலும் வாரிச் சுத்தம்செய்த ரோடு என்பதால் முதல் ஜாதியைப் போட்டுக்கொண்டேன். மலைச்சரிவில் வீடு, தெருவில் எப்போதும் ஐஸ் என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள், காய்ந்த ரோட்டில் வண்டி கொஞ்சம் சொதசொதவென்று இருக்கும், பழகிவிடும்.

எதை எடுத்தாலும் டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் முத்திரை. வெறும் 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும் என்று அர்த்தம்) எழுத்துக்கு எந்தச் சோதனையும் கிடையாது, கம்பெனியே போட்டுக்கொள்ளலாம். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அந்த எழுத்து மட்டும் இருக்கும் டயரை விண்டர் டயராகவே ஏற்பதில்லை.

அப்புறம் அளவு. வண்டியில் 19 இன்ச் ரிம், டயர் அகலம் முன்னால் 245 மில்லிமீட்டர், பின்னால் 265. இதை 18 இன்ச்சுக்கு இறக்கி, நான்கிலும் 245/40 (40 என்பது பக்கச் சுவர் உயரம், அகலத்தில் 40 சதவீதம்) போடச் சொன்னார்கள். டயர் அகலம் குறைந்தால் பிடிப்பும் குறையும்தானே என்று தோன்றும். பனியில் கதை தலைகீழ். அகலமான டயர் பனிமேல் மிதக்கும், ஒடுங்கியது பனியை வெட்டிக்கொண்டு கீழே இருக்கும் ரோட்டைத் தேடும். பக்கச் சுவர் உயரம் கூடுவதால், பனி உருகியபின் ரோட்டில் தெரியவரும் குழிகளில் ரிம் தப்பிக்கும். நான்கும் ஒரே அளவு என்றால் முன்பின் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய வைக்கலாம். இன்னும் சின்ன ரிம் கேட்பவர்கள் கவனிக்க: பெர்ஃபார்மன்ஸ் காரில் பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் பெரியவை, உள்ளே இடமே இருக்காது. அளவெடுத்துப் போட்டுப் பார்க்காமல் ரிம் வாங்கிவிடாதீர்கள்.

பொருத்தும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மெக்கானிக், சக்கரம் போய் உட்காரும் ஹப் முகப்பில் இருந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நடு வளையத்தில் மட்டும் மெல்லிசாக ஒட்டாமல் காக்கும் பேஸ்ட் தடவினார், போல்ட் மரைகளில் ஒரு சொட்டுகூடப் படவிடவில்லை. பிறகு கையால் போல்ட்டை ஓட்டி, குறித்த இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும்வரை நட்சத்திர வரிசையில் இறுக்கினார். ஏர் கன்னால் அடித்துத் தள்ளியிருந்தால் கால்வாசி நேரத்தில் முடிந்திருக்கும். இந்த ஒரு வேலைக்காகவே அங்கே திரும்பப் போவேன்.

காற்று விஷயத்தில் ஒன்று. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி குறைந்தால் சுமார் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். சூடான ஒர்க்‌ஷாப்பில் 20 டிகிரியில் அடித்த காற்று, மைனஸ் 20-ல் ஏழு பிஎஸ்ஐ குறைவாக இருக்கும். பட்டியலில் இருந்த நைட்ரஜன் இதற்கு மருந்து என்றார் கவுன்டரில் இருந்தவர். இல்லை சார், நைட்ரஜனும் குளிரில் அதே அளவுதான் சுருங்கும், சாதாரணக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இப்போது கோட்டிங். பனி ஊரில் காரைக் கொல்வது பனி இல்லை, உப்பு. சாதாரண உப்பு மைனஸ் 9, 10 வரைதான் ஒழுங்காக வேலை செய்யும், அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு என்று தெளிக்கிறார்கள். இந்த இரண்டும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வண்டி காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் இடுக்குகளில் நசநசவென்று இருந்துகொண்டே இருக்கும். இதற்கு ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மருந்து, கறுப்பு ரப்பர் கோட்டிங். பார்க்கப் பளிச்சென்று புது வண்டி மாதிரி இருக்கும். ஆனால் லிஃப்டில் நின்ற இன்னொரு காரில் அதே பூச்சின் ஓரத்தை மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பிக் காட்டினார். பாளமாக உரிந்து வந்தது. அடியில் தகடு ஈரமாக, தொட்டால் விரலில் ஒட்டும் செந்தூளாக இருந்தது. ஒரு கல் பட்டு விரிசல் விட்டால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே குடியிருக்கும். புது வண்டிக்குச் சுத்தமான தகட்டில் அடித்தால் சரி, வயதான வண்டிக்கு வேண்டாம் என்று அவரே சொன்னார், கவுன்டர்காரர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

நான் போட்டது லானோலின் ஸ்ப்ரே, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. காயாது, இறுகாது, தையல்களுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் தானாக ஊர்ந்து போகும். சர்க்கஸ் வேலைதான்: அடிப்பாகத்தைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிளாஸ்டிக் கவசங்களைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கிலும் எக்ஸாஸ்ட்டிலும் படாமல் மறைத்து அடிக்கவேண்டும், கதவடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை அடைக்கக் கூடாது. வருஷா வருஷம் திரும்ப அடிக்கவேண்டும். முதல் சில நாள் ஆட்டுப்பட்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற வாசனை வரும், ஒளிப்பதற்கில்லை. தகடு இருக்கிறதே, அது போதும். காயில்ஓவர் (வண்டி உயரத்தை மரை வளையத்தால் ஏற்றி இறக்கும்) சஸ்பென்ஷன் போட்டிருப்பவர்கள் அந்த மரைகளிலும் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு உப்புக் காலம் தாண்டினால் வளையம் அசையாது.

கூலன்ட் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். பேக்கேஜில் 'டாப்-அப்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். சூடான ஊரில் வளர்ந்த வண்டிக்குள் யார் எவ்வளவு வெறும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? கூலன்ட் எத்தனை டிகிரி வரை உறையாது என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைக் கேட்டு வாங்கித்தான் வைக்கவேண்டியிருந்தது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நீலக் கோடு மைனஸ் 15 பக்கத்தில் நின்றது. பனி ஊரில் ஒரே ராத்திரி போதும், எஞ்சின் பிளாக்கே வெடித்துவிடலாம். எதிலீன் கிளைக்கால் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். அதற்காகக் கூலன்ட்டை அப்படியே ஊற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் கலக்காத எதிலீன் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். கண்ணாடி கழுவும் டாங்கியிலும் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து டாங்கியும் மோட்டாரும் போய்விடும், அதையும் அவர்கள் தொடவில்லை.

எண்ணெய்க்கும் இதே கதை. இந்த எஞ்சினுக்கு பிஎம்டபிள்யூ சொல்வது 10டபிள்யூ-60. பத்து என்றால் மைனஸ் 25-ல் எஞ்சின் சுற்றுவதற்கான சோதனை, 0டபிள்யூ எண்ணெய்க்கு அது மைனஸ் 35. ஆக, கடுங்குளிர் காலையில் இந்த எண்ணெய் பாகு போலக் கிடக்கும். எண்ணெய் ரகத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதைவிட, எஞ்சினைச் சூடாக்கி வைக்கும் பிளாக் ஹீட்டரோ மூடிய கராஜோ நல்லது. எஞ்சின் சுற்று வேகம் காட்டும் டேகோமீட்டரைச் சுற்றி இருக்கும் ஆரஞ்சு விளக்குகள், எண்ணெய் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக மேலே நகர்ந்து சுற்று வேக எல்லையைத் திறந்துவிடும். அவை நகரும்வரை ஆக்சிலரேட்டரில் காலை மெதுவாக வைப்பது போதும்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைனஸ் 18-ல் அதன் பலம் பாதிக்குக் கிட்டே இறங்கிவிடும், அதே நேரத்தில் எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் தேவை. பழசு என்றால் குளிர் வரும் முன்பே மாற்றிவிடுங்கள். இந்த வண்டியில் புது பேட்டரியைக் கம்ப்யூட்டரில் பதியவேண்டும், அதை மட்டும் சரியாகச் செய்துகொடுத்தார்கள்.

செராமிக் கோட்டிங்: கல் அடிக்கு அது எதுவும் செய்யாது. முன்பக்கத்துக்குப் பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டினால் உபயோகம். மேற்கொண்டு பேச்சில்லை.

பட்டியலில் இல்லாத, ஆனால் கூப்பேக்காரர்களுக்கு அவசியமான ஒன்று: கதவில் சட்டம் கிடையாது, கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் இறங்கி வழிவிடும். ராத்திரியில் அது ரப்பரோடு உறைந்துவிட்டால் இறங்காது, அவசரத்தில் இழுத்தால் ரப்பர் கிழியும், இல்லை கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் போகும். ரப்பர் முழுக்கச் சிலிக்கோன் கிரீஸ் தடவி வையுங்கள், ஒரு சின்ன டியூப் ஒரு குளிர்காலத்துக்குத் தாராளம். ஹேண்ட்பிரேக்கை ஈரத்தோடு இழுத்துவிட்டு நிறுத்தாதீர்கள், கியரில் போட்டு நிறுத்துங்கள்.

ஓட்டிப் பார்த்ததில், டயர் சொன்னதைச் செய்தது. பின்சக்கர ஓட்டம் என்று பயந்த அளவுக்கு இல்லை, கிளம்புவதில் நான்கு சக்கர ஓட்டத்துக்குப் பின்தங்கும், நிற்பதில் இல்லை. ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் திடீரென்று உதறியதும் பேலன்ஸ் போய்விட்டது என்று நினைத்தேன், இறங்கிப் பார்த்தால் ரிம்முக்குள் பனி அப்பிக்கிடந்தது, குச்சியால் தட்டிவிட்டதும் சரியாகிவிட்டது. இந்த டயரை வைத்துக்கொண்டும் ஆழமான பனியில் போக முடியாது, அது டயரின் குறை இல்லை. பம்பர் பனி வாரும் வண்டி மாதிரி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் அதன்மேலேயே ஏறி நின்றுவிடும். அந்த மாதிரி நாளில் பஸ்தான்.

கழற்றிய சம்மர் டயர்களை அவர்களே வைத்துக்கொள்ளும் சேவையும் உண்டு. சூடாக்காத கொட்டகை என்றார்கள், மைனஸ் 7 சமாச்சாரத்தைச் சொன்னதும் உள்ளே சூடான அறைக்கு மாற்றிக்கொடுத்தார்கள். நீங்கள் கேட்காமல் விட்டால் கொட்டகைக்குத்தான் போகும், ஆகவே டயர் கொடுக்கும்போதே எங்கே வைப்பீர்கள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.