தேயிலைத் தொழிற்சாலையில் மூடுல்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருப்பதால், மூடுல் என்னும் கட்டற்ற கற்றல் மென்பொருளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட இதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. சர்வர் வாடகையும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால் போதும்.

தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்தால் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போய்விடும் இந்த மலையில், பாடத்தைக் கைப்பேசிச் செயலியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ள முடிவது பெரிய வசதி. பணியாளர்கள் அலுவலக வைஃபையில் இறக்கிக்கொண்டு வீட்டில் படிக்கிறார்கள். சிக்னல் கிடைத்ததும் மதிப்பெண் பதிவாகிவிடுகிறது. ஆனால் மூடுலின் வினாடிவினாவை இணையமின்றி எழுத அனுமதித்தால், அதற்கு நேர வரம்பு வைக்க இயலாது. ஒவ்வொரு விடையும் சரியா தவறா என்று அவ்வப்போது காட்டவும் இயலாது. இதனால் உடனடி விளக்கம் தேவைப்படும் கேள்விகளை, மூடுலுக்குள் ஊடாடும் பயிற்சிகளை அமைக்க உதவும் எச்5பி என்ற கருவியின் வடிவில் அமைக்கிறோம்.

மென்பொருள் எதுவானாலும், பாடம் எப்படி வடிவமைக்கப்படுகிறது என்பதில்தான் பயன் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்திடம் விலைக்கு வாங்கிய பாதுகாப்புப் பாடம், திரையில் இருந்த எழுத்துகளை அப்படியே ஒரு குரல் வாசித்துச் செல்லும் நீண்ட காணொளியாக இருந்தது. படத்துடன் விளக்கக் குரல் வரும்போது அதே சொற்களைத் திரையிலும் நிரப்பினால் கற்றல் பெரும்பாலும் குறைகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியிருப்பது, காசு வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தப் பாடத்தை ஒதுக்கிவிட்டு நாங்கள் அமைத்த பாடம் ஒரு கேள்வியுடன் தொடங்குகிறது: இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரில் இலை அடைத்துக்கொண்டது, ஷிப்ட் முடியும் நேரம், மேஸ்திரி அவசரப்படுத்துகிறார். முதலில் என்ன செய்வீர்கள்? நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுக் குச்சியால் தள்ளுவது என்பதையே பலர் தேர்ந்தெடுத்தார்கள். உடனே வரும் விளக்கம், பொத்தானை மட்டும் அணைத்தால் உள்ளே கை இருப்பது தெரியாமல் வேறொருவர் இயந்திரத்தை ஓட்டிவிடக்கூடும் என்பதையும், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே ரோலரை நெருங்க வேண்டும் என்பதையும் எங்கள் இயந்திரத்தின் படத்தைக் கொண்டே காட்டுகிறது. இந்த ஒரு பாடம் முழுக்க நான்கைந்து நிமிடங்கள்தான்.

இதே கேள்வியைச் சற்று மாற்றி, அடுத்த வாரமும் அடுத்த மாதமும் கேட்கிறோம். உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கேவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழிந்ததும், படித்ததைத் தேர்வாக எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பயிற்சி முடிந்த கையோடு நடத்தும் தேர்வை மட்டும் நம்பி மேலாளருக்கு அறிக்கை அனுப்புவதை நான் விட்டதற்கு இதுவே காரணம். பயிற்சியின் பயனை அளக்க உதவும் கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலை மதிப்பீட்டில் மூன்றாவதான நடத்தை மாற்றத்தை மூடுலால் அளக்க இயலாது. பூட்டு உண்மையில் தொங்குகிறதா என்று சூப்பர்வைசர்தான் நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும்.

பறித்த கொழுந்தை எவ்வளவு வாடவிட வேண்டும் என்ற வாட்டல் பதம் போன்றவற்றைத் திரையில் கற்பிக்க முயல்வது வீண். சி.டி.சி. முறைக்கு இலையின் ஈரப்பதம் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும் என்ற கணக்கைப் பாடம் சொல்லலாம்; கொழுந்தை உள்ளங்கையில் பிடித்து அந்தப் பதத்தை அறிவதற்கு, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் அலுவலரான டீ மேக்கரின் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

குறை என்று பார்த்தால், தமிழ் இடைமுகத்தில் பல இடங்களில் ஆங்கிலம் எட்டிப்பார்க்கிறது. ஜார்க்கண்டிலிருந்து வந்துள்ள தொழிலாளர்களுக்காக இந்தி ஒலிப்பதிவைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அறிக்கைப் பக்கங்கள் ஒரு சூப்பர்வைசருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு விவரங்களைக் கொட்டுகின்றன. பதிப்பு மேம்படுத்தலையும் புதிய பாடத் தயாரிப்பையும் உறைபனியால் கொழுந்து வரத்து குறையும் ஜனவரியில் வைத்துக்கொள்கிறோம். வரத்து மிகும் மாதங்களில் பழைய பாடங்களின் நினைவூட்டல் கேள்விகள் மட்டும் போகின்றன.