ஃபார்மட் போடாமல் மூன்று வருடம்

ஜெராக்ஸ், டி.டி.பி. கடைக்காரனுக்கு வைரஸ் எங்கிருந்து வரும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு இருபது பென்டிரைவ் வந்து போகும். 2022 டிசம்பரில் ஒரு பையன் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென்டிரைவில் ஃபோல்டர்களின் ஓரத்தில் எல்லாம் சின்ன அம்புக்குறி, அதாவது அவை நிஜ ஃபோல்டர் இல்லை, வைரஸை இயக்கிவிடும் ஷார்ட்கட். கிளிக் செய்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. மெஷின் மெதுவாகிறது என்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை வேறு நானே அணைத்து வைத்திருந்தேன்.

மறுநாள் ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை. ஆன்டிவைரஸ் தளம் எதற்குப் போனாலும் பக்கம் வரவில்லை. என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அட்மினிஸ்ட்ரேட்டர் தடை செய்திருக்கிறார் என்று செய்தி. கடையில் இருப்பது நான் ஒருவன்தான், அட்மினிஸ்ட்ரேட்டரும் நான்தான்!

"ஃபார்மட் போட்டுடலாம்ணே, ஒரு மணி நேர வேலை" என்றார் சர்வீஸ் பார்க்கும் தம்பி. அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் ஃபார்மட் போட்டால் நிறுவியதெல்லாம் அழிந்துவிடும், என் பிழைப்பே பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7-இலும் பழைய தமிழ் ஃபான்ட் தொகுப்பிலும் இருக்கிறது. அவற்றின் சிடிக்கள் வீடு மாறியபோதே தொலைந்துவிட்டன. அதனால் ரிப்பேர் வழியில் இறங்கினேன்.

முதலில் செய்தது முட்டாள்தனம். கமாண்ட் பிராம்ப்டில், விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சோதித்துச் சரி செய்யும் எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் கட்டளையை ஓடவிட்டேன். கெட்டுப்போன ஃபைல்களைச் சரி செய்தாயிற்று என்றது. ரீஸ்டார்ட் செய்தால் பழையபடியே. வைரஸ் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது ஃபைலை மாற்றி என்ன பயன்? வேறொரு கம்ப்யூட்டரில் கேஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் என்ற வைரஸ் நீக்கும் மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, என் மெஷினை அதிலிருந்தே பூட் செய்து ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடியது. அதில் விண்டோஸே எழுந்திருக்காது என்பதால் வைரஸுக்கு வாலாட்ட வழியில்லை.

அப்புறம் மறுபடி எஸ்.எஃப்.சி. இந்த முறை சிலவற்றைச் சரி செய்ய முடியவில்லை என்றது. காரணம் எளிது: ஒவ்வொரு சிஸ்டம் ஃபைலையும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் இருக்கும் நல்ல பிரதியோடு ஒப்பிட்டுத்தான் அது மாற்றும். அந்தப் பிரதியே கெட்டிருந்தால் அதற்குக் கை ஓடாது. பிரதியைச் சரி செய்ய டிஸ்ம் என்று விண்டோஸிலேயே இன்னொரு கருவி இருக்கிறது, ரெஸ்டோர்ஹெல்த் என்ற கட்டளையோடு. 62.3 சதவீதத்தில் அரை மணி நேரம் அசையாமல் நின்றது. தொங்கிவிட்டது என்று மூடிவிடாதீர்கள். அது நிற்கிற இடம் அதுதான். எனக்கு அதுவும் கடைசியில் கைவிரித்தது. வேறு இடம் காட்டாவிட்டால் நல்ல பிரதியை அது விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் இறக்கும். என் அப்டேட்டையே வைரஸ் முடக்கியிருந்தது.

கடைசியாகக் காப்பாற்றியது, விண்டோஸ் 10-ஐ அதன் மேலேயே மறுபடி நிறுவுவது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ எனும் விண்டோஸ் நிறுவல் ஃபைலை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்தே செட்டப்பை இயக்கி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் அந்த வசதி கிடைக்காது. மொழியும் எடிஷனும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். என் பழைய ஹார்ட் டிஸ்கில் இரண்டரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் பேஜ்மேக்கரைத் திறந்தேன். பாதியில் விட்ட கல்யாணப் பத்திரிகை அப்படியே வந்தது. பழைய விண்டோஸின் ஃபைல்களோடு விண்டோஸ்.ஓல்டு என்று ஒரு ஃபோல்டர் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பத்து நாளில் தானே போய்விடும், பதற வேண்டாம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்டர்நெட்டை வேறு வழியாகத் திருப்ப வைரஸ் வைத்துவிட்டுப் போன ப்ராக்ஸியையும், தளங்களைத் தடுக்க ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதியிருந்த வரிகளையும் கையால்தான் அழித்தேன். அவை சிஸ்டம் ஃபைல் சேதம் அல்ல, வெறும் செட்டிங், எஸ்.எஃப்.சி. அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டாஸ்க் மேனேஜர் பூட்டும், விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை நீக்கியதும்தான் திறந்தது.

மூன்று வருடம் ஓடிவிட்டது. இடையில் ஒரே ஒரு தடவை நீலத் திரை. அதுவும் ரேம் கோளாறு. டிஃபெண்டரை அதற்குப் பிறகு அணைக்கவே இல்லை. விண்டோஸ், மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த முழு பிரதி, அதாவது சிஸ்டம் இமேஜ் ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. பாங்க் வேலையை மட்டும் இந்த மெஷினில் செய்வதில்லை, இன்னும் மனசு ஒப்பவில்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. என்னுடையது நான்காம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. புது மெஷின் வாங்கியாக வேண்டும். பேஜ்மேக்கர் சிடி யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.