கல்லூரிக் கட்டணம்: நகைக்கடனா, கல்விக்கடனா?

கவுன்சிலிங்கில் இடம் கிடைத்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது.

கையில் பணம் வருவது
நகைக்கடன்: பெரும்பாலும் அன்றைக்கே.
கல்விக்கடன்: வித்யாலட்சுமி என்னும் கல்விக்கடன் இணையதளத்தில் விண்ணப்பித்து, சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், வருமானச் சான்று எல்லாம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். மேலாளர் தட்டிக் கழித்தால் விடாதீர்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

ஈடு
நகைக்கடன்: அம்மாவின் நகை.
கல்விக்கடன்: வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக்கூடாது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும்.

திருப்பிக் கட்டுவது
நகைக்கடன்: பொதுவாக ஒரு வருடத்தில் மீட்க வேண்டும், அல்லது வட்டி கட்டி மறுபடி வைக்க வேண்டும். நான்கு வருடப் படிப்புக்கு இது பொருந்தவே பொருந்தாது. தவறினால் ஏலம்.
கல்விக்கடன்: படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முடிந்தவர்கள் அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள், பிள்ளையின் தலையில் பிறகு விழும் சுமை வெகுவாகக் குறையும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, தொழிற்கல்விக்கு, மத்திய அரசின் வட்டி மானியமும் உண்டு. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, கட்டிய வட்டிக்கு வரிவிலக்கு.

கல்லூரிக் கட்டணத்தின் முதல் தவணைக்குக் கெடு நெருங்கி, கல்விக்கடன் இன்னும் கைக்கு வராதவர்கள் கொஞ்சம் நகையை மட்டும் வைக்கலாம். முழுப் படிப்புக்கும் கல்விக்கடன்தான். அதற்கு முன் ஒன்று: வீட்டில் முதல் பட்டதாரியா, அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீடா என்று பாருங்கள். கட்டணச் சலுகை கிடைத்தால் கடன் தொகையே குறையலாம்.