எங்க ஊர் வில்லேஜ் ஹால், 4 ஸ்டார்

மொரிசியஸ் வடக்குப் பக்கம் எங்க கிராமத்து வில்லேஜ் கவுன்சில் ஹால் பத்தின ரிவ்யூ இது, ஊர் பேரு வேணாம். புள்ளைங்களுக்கு தமிழ் கிளாஸ், பொம்பளைங்க சங்கத்து கூட்டம், சின்ன விசேஷம்னு எல்லாத்துக்கும் இங்கதான் புக் பண்ணுவோம். ஃபேன், நாற்காலி, சமையல் ரூம் எல்லாம் ஓகே.

முன்னாடி லேடீஸ் டாய்லெட்ல தாழ்ப்பாளே கிடையாது, பின்பக்கம் கும்மிருட்டு, அதனால இருட்டுறதுக்குள்ள பொம்பளைங்க பாதிப்பேர் கெளம்பிடுவாங்க. இப்ப தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைக்கூடை, பின்கேட்டுல லைட்டு எல்லாம் வந்தாச்சு, இதுக்கு விடாம நின்னது கவுன்சில்ல இருக்குற பெண் மெம்பருங்கதான். அதுல ஒரு அக்கா ஒருநாள் கூட்டம் முடிஞ்சதும் எங்களோடயே பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்து, எரியாத தெருவிளக்கு ஒவ்வொண்ணையும் கம்பத்தோட போட்டோ புடிச்சு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு அனுப்புனாங்க. இத்தன வருஷமா அதே ரோட்ல ஆம்பள மெம்பருங்களும்தான் போய் வந்தாங்க, யாரும் கண்டுக்கல.

இவங்கல்லாம் உள்ள வந்ததுக்கு 2011 உள்ளாட்சி சட்டம்தான் முக்கிய காரணம். குரூப்பா நிக்குறவங்க லிஸ்ட்ல ஆணோ பெண்ணோ எந்தத் தரப்பும் மூணுல ஒரு பங்குக்கு குறையக்கூடாது, அதுக்காக அரசியல் சாசனத்தையே திருத்துனாங்க. 2005ல நாட்டோட உள்ளாட்சியில பெண்கள் சுமார் 6 சதவீதம்தான், 2012 தேர்தல்ல 26 சதவீதம் கிட்ட வந்துடுச்சு. ஆனா இந்த கணக்கு நிக்குறவங்களுக்குத்தான், சீட்டுக்கு இல்ல, ஜெயிக்கிறது நம்ம ஓட்டுலதான் இருக்கு.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, ஹால் புக் பண்ண ஆபீஸ் டைம்லதான் போகணும், வேலைக்குப் போற பொம்பளைங்க லீவு போட்டுட்டா வருவாங்க? அப்புறம் தலைவரை 9 மெம்பருங்களும் அவங்களுக்குள்ளயே ஓட்டுப் போட்டு எடுக்குறாங்க, எங்க ஊர்ல ஒவ்வொரு தடவையும் அது ஆம்பளைக்கே போகுது, அவ்வளவு வேலை பாத்த அக்காவை யாரும் முன்மொழியக்கூட இல்ல, எனக்கு ரொம்ப வருத்தம். கூட்டத்தையும் சாயங்காலம் சமையல் நேரத்துல வைக்காம ஞாயித்துக்கிழமை காலையில வைங்க, நாங்க நெறைய பேரு வரத் தயாரா இருக்கோம்.