பக்கவாதத்துக்குப் பிந்தைய எக்கோ: எந்த அளவு எதை முன்கூட்டிச் சொல்கிறது?

மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்தவருக்கு எக்கோ, அதாவது ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை, எடுப்பது, அடைத்த இரத்தக்கட்டி இதயத்திலிருந்து கிளம்பியதா என்று அறியத்தான். ஆனால் அதே படங்களில் நோயாளியின் வரும் மாதங்களைப் பற்றிய தடயங்களும் இருக்கின்றன. மரணம், மீண்டும் பக்கவாதம், பிறர் துணையின்றி நடமாடும் நிலை ஆகிய மூன்றும் வெவ்வேறு விளைவுகள். ஒரே அளவு மூன்றையும் சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவது எஜெக்ஷன் ஃப்ராக்ஷன், அதாவது இடது கீழறையின் பம்பிங் விகிதம். அது 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மரண அபாயம் கூடுதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பக்கவாத நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பம்பிங் இயல்பாகவே இருப்பதால், அவர்களுள் யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்துக் காட்ட இந்த எண்ணால் முடிவதில்லை. மேலும், மூளையின் இன்சுலா பகுதி பாதிக்கப்படும்போது பொங்கியெழும் அட்ரினலின் வகை ஹார்மோன்களே இதயத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடக்கூடும். அத்தகைய தளர்ச்சி சில வாரங்களில் சரியாகிவிடுவதுண்டு. ஆகவே முதல் சில நாட்களில் கிடைத்த குறைந்த எண்ணை நிரந்தர இதயநோயாகக் கொள்ளாமல், மறுபடி ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்ப்பதே முறை.

உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ நுணுக்கமானது. இடது மேலறையின் காதுமடல் போன்ற பையில் ஒளிந்திருக்கும் கட்டியையும், மகாதமனி வளைவில் 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்த கொழுப்புப் படிவையும் அதுவே தெளிவாகக் காட்டும். ஆனால் விழுங்கவே சிரமப்படும் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாயை இறக்குவது எளிய காரியமல்ல. காரணத்தைக் கண்டறிய அது சிறந்த கருவி. எல்லோருக்கும் எடுத்து எதிர்காலத்தைக் கணிக்கும் கருவியாக அதைக் கருத முடியாது.

என் மதிப்பீட்டில், நெஞ்சின் மேல் வைத்தே எடுக்கும் சாதாரண எக்கோவில் கிடைக்கும் இடது மேலறைக் கொள்ளளவுக்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை. உயர் இரத்த அழுத்தமும் இறுகிப்போன கீழறையும் பல ஆண்டுகளாக ஏற்றிய சுமை அந்த அறையின் விரிவில் பதிந்திருக்கிறது. அது ஓரிரு நாட்களில் உருவாவதன்று என்பதால், பக்கவாதத்தின் உடனடி அதிர்ச்சி அதை எளிதில் திரித்துவிடுவதில்லை. உடல் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டரைத் தாண்டினால் அறை விரிந்திருக்கிறது என்று பொருள். இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு திறப்பதற்குச் சற்று முன்பு, இரண்டு கோணங்களில் அறையின் எல்லையை வரைந்து கணக்கிட வேண்டும். முன்பின் விட்டத்தை மட்டும் அளந்தால், நீளவாக்கில் விரிந்த அறை இயல்பானதாகத் தோன்றி ஏமாற்றிவிடும்.

இருப்பினும் அபாயத்தைக் காட்டும் அளவு சிகிச்சையையும் காட்டிவிடும் என்று கொள்ளலாகாது. 2024இல் வெளியான ஆர்கேடியா ஆய்வில், மேலறைக் கோளாறின் அடையாளங்கள் இருந்தும் காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களுக்கு இரத்த உறைவைத் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரை கொடுத்தபோது, ஆஸ்பிரினைவிடக் கூடுதல் பலன் கிட்டவில்லை. நடமாட்டம் எந்த அளவு திரும்பும் என்பதிலோ, நோயாளியின் வயதும் முதல் நாளில் பக்கவாதம் இருந்த தீவிரமும் சொல்வதை எந்த எக்கோ அளவும் மிஞ்சுவதில்லை.

விரிந்த மேலறையைக் கண்டால் செய்யத்தக்கது, இதயத் துடிப்பை நீண்ட நாள் கண்காணிப்பது. காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களிடையே 2014இல் வெளியான கிரிஸ்டல் ஏஎஃப் ஆய்வில், தோலுக்கடியில் பொருத்திய கருவி ஓராண்டில் 12.4 விழுக்காட்டினரிடம், மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைப் பிடித்தது; வழக்கமான பின்தொடர்தல் பிடித்தது 2 விழுக்காட்டினரிடம் மட்டுமே. அந்தத் துடிப்புக் கோளாறு உறுதியானால், இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையின் பலன் ஏற்கெனவே நிறுவப்பட்ட ஒன்று.